மழைமானிக்கு ஓர் ஆள்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் டீக்குப் பால் கிடையாது. அதை நிறுத்தியது நான்தான். யாரும் குறை சொல்லவில்லை.

சக்குபள்ளத்துக்கு மேலே, காட்டு ஓரத்தில் இரண்டு அறைகள். மழை, உதிரும் இலை, பூச்சி எல்லாவற்றையும் அளந்து எழுதுவோம். படிப்பைப் பாதியில் விட்டுத் தேயிலை ஃபாக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்த எனக்கு 1975இல் இங்கே பொறுப்பாளர் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் நிலையம், பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்து நிலையம், இரண்டில் எது குறைந்த செலவில் நடக்கிறதோ அது மட்டும் இருக்கும். மறுபடி ஃபாக்டரிக்குப் போக எனக்கு மனமில்லை.

ஜீப்பைத் திருப்பி அனுப்பினேன். மண்ணெண்ணெயைப் பாதியாக்கினேன். மிச்சம் இருந்தது ஆள்கூலி.

மேட்டிலுள்ள மழைமானியைப் பார்க்க தினமும் காலையில் இரண்டு பேர் போவார்கள். முன்னால் சங்கையா. பின்னால் அவர் மனைவி வேலுத்தாய், தகரத்தைத் தட்டிக்கொண்டு. அது யானை நடமாடும் பாதை. கிளை முறியும் சத்தம் கேட்டால் அவள் கணவனின் சட்டையைப் பிடித்து இழுப்பாள். மழையை அளக்க ஓர் ஆள் போதும். கூலிப் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன்.

"இவருக்குக் காது கேக்காதே சார். ஆனை நின்னா யாரு சொல்லுவா?" என்றாள்.

சங்கையா அவள் உதட்டைப் பார்த்துச் சிரித்தார். "இருவது வருசமா இவ ஏசுறதே எனக்குக் கேக்கல. நான் உசுரோட இல்லியா சார்? வேலைய மட்டும் நிறுத்திராதீங்க."

அவரே சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினேழாம் நாள் அவர் திரும்பவில்லை. மழைமானிக்கு நூறடி இப்பால் கிடந்தார். யானை பின்னாலிருந்து வந்திருக்கிறது. அன்றைய மழையை நானே அளந்தேன். எங்கள் பதிவில் விட்டுப்போன நாள் என்று ஒன்றுகூட இல்லை.

நஷ்டஈட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஊழியர் தன் உடற்குறையை மறைத்தாரா? ஆம் என்று எழுதினேன். நஷ்டஈடு எங்கள் செலவில் ஏறியிருந்தால் நிலையம் போயிருக்கும். வேலுத்தாய் ரேகை வைக்கும்போது, "என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"அவரைப் பத்தித்தான்" என்றேன்.

பள்ளிவாசல் பக்கத்து நிலையத்தை மூடினார்கள். நான் இங்கேயே இருக்கிறேன். வேலுத்தாய் எதிரே வந்தால் மட்டும் வேறு வழியில் திரும்பிவிடுவேன்.

சங்கையா எதையும் மறைக்கவில்லை. வேலை கேட்டு வந்த அன்று, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தவன் நான். அவர் திரும்பவில்லை. அதனால்தான் குறைந்த கூலிக்கு எடுத்தேன்.