தமிழில் பேசிய பகுதி

ரொட்டி பிராட்டா, அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, எனக்கு ஒத்துக்கொள்ளாது. தின்ற கொஞ்ச நேரத்தில் நெஞ்சு எரியத் தொடங்கிவிடும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தமிழ்க் கடைத்தெருவான தேக்காவுக்குப் போனால் இரண்டு பிராட்டாவை மீன் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டுத்தான் வருவேன். மக்கள் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், நம்ம ஆளு என்பார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் கெட்டவன் என்ற எண்ணத்தோடு நீங்கள் படிக்கத் தொடங்கக்கூடாது. மற்றவர் மனம் கோணக்கூடாது என்று நெஞ்செரிச்சலைப் பொறுத்துக்கொண்டவன் நான்.

பெயர் பிரபாகர். தொழில் வழக்கறிஞர். இரண்டு தேர்தல்களாக நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கிறேன். என் தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் துறைமுகத்தில் தூக்கிய மூட்டைகளைவிட என் உரைகளில் தூக்கிய மூட்டைகள் அதிகம் என்று என் மனைவி கேலி செய்வாள்.

என் வேலைமுறையை விளக்கிவிடுகிறேன். அவையில் எதைப் பற்றிப் பேசினாலும் முதலில் கொஞ்சம் தமிழில் பேசுவேன், பிறகு ஆங்கிலத்துக்கு மாறுவேன். தமிழ்ப் பகுதி மாலைச் செய்தியில் வரும், அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றும். ஆங்கிலப் பகுதி கட்சிக்கு. தேக்காவின் பழைய கடைகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு வேண்டும் என்று தமிழில் கேட்டேன். சந்தையில் குறுக்கிடுவது ஆபத்து என்று ஆங்கிலத்தில் எச்சரித்தேன். பள்ளியில் தமிழுக்கு நேரம் போதவில்லை என்று தமிழில் கலங்கினேன். பாடத்திட்டத்தின் சமநிலையை ஆங்கிலத்தில் பாராட்டினேன். இரண்டும் ஒரே உரை, இரண்டும் பதிவில் இருக்கின்றன. பிரபாகர் பொய் சொன்னார் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. தமிழுக்குக் கைதட்டியவர் ஆங்கிலம் தொடங்குமுன் எழுந்து போய்விட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

வாக்களிப்பது இன்னும் சுலபம். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புத்தான். ஆதரிக்கிறவர்கள் சேர்ந்து ஆம் என்பார்கள், எதிர்க்கிறவர்கள் சேர்ந்து இல்லை என்பார்கள். பெயர் பெயராக எழுதிவைக்க வேண்டுமானால் சில உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். அப்படி எழுவது அபூர்வம். கூட்டத்தோடு கோவிந்தா போட்டவனின் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க எந்தக் கருவியும் இல்லை. என் வாக்குகளை யாராவது தேடிப் பார்த்தால் வெறும் சத்தம்தான் கிடைக்கும்.

அப்போதுதான் லாரித் தீர்மானம் வந்தது. தொழிலாளர்களைச் சரக்கு லாரியின் பின்தட்டில் ஏற்றிப் போவதை ஒரு தேதி குறித்து நிறுத்த வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கொண்டுவந்தார். அன்று என் தமிழ் நன்றாக அமைந்தது, இப்போதும் சொல்வேன். சிமெண்டு மூட்டைக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாத நாடல்ல இது, இனி ஒரு தொழிலாளிகூட லாரித் தட்டில் ஏறக்கூடாது என்றேன். ஆங்கிலத்துக்கு மாறியதும் சிறு நிறுவனங்களின் சிரமத்தையும் பேருந்து ஓட்டுநர் பற்றாக்குறையையும் எடுத்துச் சொல்லி, அவகாசம் தேவை என்று முடித்தேன். வாக்கெடுப்பில் இல்லை என்றேன். தீர்மானம் தோற்றது. மாலைச் செய்தியில் சிமெண்டு மூட்டை வந்தது.

அடுத்த ஞாயிறு பிராட்டாக் கடையில் ஒருவர் என் மேசைக்கு வந்து கும்பிட்டார். அங்கமுத்து என்று பெயர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். கட்டுமானத் தொழிலாளி, செம்பவாங் பக்கம் விடுதி. புதுச்சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

“சார், நீங்க லாரி பத்திப் பேசுனத எங்க ரூம்ல அத்தன பேரும் பாத்தோம். இனிமே எங்கள லாரில ஏத்த மாட்டாங்கதான சார்?”

அவர் கேட்டது எனக்கு உடனே புரியவில்லை. நான் ஏறக்கூடாது என்று சொன்னதையே சட்டம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் மேடையில் முழங்குகிறவர் சொன்னது எதுவும் நடக்காது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான். ஆனால் சிங்கப்பூரில் சொன்னால் நடக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் நிலத்தை விற்று இங்கே வருகிறார்கள்.

அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், கையில் தொலைபேசி. தீர்மானம் தோற்றது, தோற்கடித்தவர்களில் நானும் ஒருவன் என்று பிராட்டாக் கடையில் எப்படிச் சொல்வது. “கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றேன். அவருக்கு முகமெல்லாம் பல். படம் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை தனசேகரன் கூப்பிட்டார். கட்டுமான நிறுவனம் வைத்திருப்பவர், என் தொகுதிக் குழுவில் முக்கியமானவர். என் கூட்டங்களுக்கு நாற்காலி வருவது அவர் லாரியில்தான். அங்கமுத்து அவரிடம் வேலை பார்ப்பவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“என்னய்யா பிரபா, உன் வீடியோவக் காட்டி என் ஆளுங்க லாரில ஏற மாட்டேங்கறானுங்க. சட்டம் வந்துருச்சாம்லா.”

தொலைபேசியை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மழை கொட்டும் சத்தம் கேட்டது. அங்கமுத்துவிடம் பேசினேன், பிரியமாகத்தான் பேசினேன். சட்டம் வரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை முதலாளிக்கு ஒத்துழைக்க வேண்டும், இன்றைக்கு ஏறிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர், “நீங்களே சொன்னா சரி சார்” என்றார். அதற்குள் இன்னொரு குரல் குறுக்கிட்டது. லாரி ஓட்டுநர் சுரேந்தர்.

“சார், இன்னொரு லாரி ரிப்பேர்ல நிக்குது. ரெண்டு லாரி ஆள ஒரே லாரில ஏத்தச் சொல்றாங்க. பிரேக் சரியாப் புடிக்கலன்னு நேத்தே சொல்லிட்டேன். மழ வேற. டேஞ்சர்லா சார்.”

மெதுவாக ஓட்டுங்கள் என்றேன். அது நல்ல ஆலோசனை என்றே இன்றும் நினைக்கிறேன்.

விரைவுச்சாலையை விட்டு வெளியேறும் வளைவில் லாரி சறுக்கித் தடுப்பில் மோதியது. அங்கமுத்துவும் இன்னும் இருவரும் இறந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் நான்தான் கடைசியாகப் பேசினேன். மண்டபத்தில் அழாதவர் இல்லை. நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

வழக்கு சுரேந்தர் மேல் விழுந்தது. அளவுக்கு மீறி ஆளை ஏற்றியது ஓட்டுநரின் சொந்த முடிவு, இரண்டு நடை போகச் சோம்பல்பட்டு ஒரே நடையில் முடிக்கப் பார்த்தார் என்று தனசேகரன் வாக்குமூலம் கொடுத்தார். பிழைத்தவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் எதையும் கேட்கவில்லை என்றார்கள். சுரேந்தர் ஆபத்து என்று எச்சரித்தார், மேலிடத்துச் சொல்லுக்குத்தான் பணிந்தார் என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் மிச்சம். நான் சொன்னால் அவர் வீட்டுக்குப் போவார், சொல்லாவிட்டால் சிறைக்குப் போவார். விஷயம் அவ்வளவுதான்.

அவருடைய மனைவி கண்மணி என்னைத் தேடி வந்தாள். மலேசியாவின் ஜொகூர்க்காரர்கள், சுரேந்தர் தினமும் விடியலில் எல்லை தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்துபோனவர். தொகுதி மக்களின் குறைகளை நான் கேட்கும் மக்கள் சந்திப்பு நடக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வரிசையில் நின்று வந்து உட்கார்ந்தாள்.

“ஃபோன்ல பேசுனது நீங்கதான்னு அவரு சொல்றாரு சார். வேற யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் லா. எம்புள்ளைங்களுக்கு அப்பா வேணும் சார்.”

“ஆமாம்மா, நான்தான் பேசினேன். உன் வீட்டுக்காரர் மேல தப்பில்ல. கோர்ட்ல வந்து சொல்றேன்” என்றேன்.

அவள் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். பக்கத்தில் இருந்த தொண்டர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் ‘இல்லை’ என்று சொல்லி எனக்கு வழக்கமில்லை. அப்படிச் சொல்வதை ஆங்கிலத்துக்குத்தான் வைத்துக்கொள்வேன்.

என் வாக்கை நம்பித்தான் சுரேந்தருக்காக இலவசமாக வாதாடிய வர்ஷா என்ற பெண் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். அந்தக் காலையில் தொழிலாளர்களை லாரியில் ஏறச் சொன்னீர்களா, பிரேக் பற்றி ஓட்டுநர் எச்சரித்தாரா என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில், அமைதியாக, அப்படி ஓர் உரையாடல் நடந்ததாக எனக்கு நினைவில்லை என்றேன். தனசேகரனோடு பேசியது கோயில் அன்னதானம் பற்றி என்றேன்.

ஒன்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சுரேந்தருக்கு ஆங்கிலம் போதாது என்பதால் அவர் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றிருந்தார். உமாமகேஸ்வரி என்ற நடுவயது அம்மாள். நான் சொல்லி முடித்ததும் அவர் அதை ஒரு சொல் குறையாமல், கூடாமல், தெளிவான தமிழில் சொன்னார். என் ஆங்கிலம் தமிழ்க் காதுகளில் விழுந்தது அதுதான் முதல் தடவை. சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் இருந்த கண்மணி குனியவில்லை. நான் படியிறங்கி வெளியே போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரேந்தருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

கண்மணியிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்பீக்கரை அணைத்த பிறகு தனசேகரன் என்னிடம், “வேணாம் பிரபா, பயமா இருக்கு. பஸ் ஒண்ணு சொல்லி வந்து நிக்குது, இன்னைக்கு அதுலயே அனுப்பிடறேன்” என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். இன்றைக்கு இவர்களுக்குப் பேருந்து விட்டால் நாளைக்கு எல்லா விடுதியிலும் கேட்பார்கள், சட்டம் ஏன் வரவில்லை என்பார்கள், யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று தோண்டுவார்கள் என்றேன். அவர் தயங்கினார். அடுத்த தேர்தலுக்குப் பிறகு உனக்கு என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லையா என்று கேட்டேன். பேருந்து பின்னால் எடுக்கும்போது வரும் பீப் பீப் சத்தம் தொலைபேசியில் கேட்டது. அது நின்ற பிறகுதான் நான் வைத்தேன்.

ஆக, அந்த மூன்று பேரையும் லாரியில் ஏற்றியவன் நான். சுரேந்தரைச் சிறைக்கு அனுப்பியவனும் நான். எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. தமிழில் உண்மை பேச நான் ஒருநாளும் தயங்கியதில்லை என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தொடரில், முதலாளிகளின் தவறுக்காகச் சிறைபோகும் ஓட்டுநர்களின் குடும்பங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். தமிழ்ப் பகுதி தயாராகிவிட்டது. நேற்று வாசித்துப் பார்த்து, எங்கெங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மாலைச் செய்தியில் வரும்போது ஜொகூரில் கண்மணியும் கேட்பாள். அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.