பதினான்காம் பக்கத்தில் ஒரு சொல்

பேசுவோருக்கு நேரத்தையும் பேசத் தயங்குவோருக்குத் துணிவையும் பங்கிட்டு வழங்கிக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் சரோஜினிதேவி அம்மையார் அவர்களே! தம் திட்டத்தைத் தாமே சுமந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து, எங்கள் வெக்கையில் வியர்த்தபடி வீற்றிருக்கும் தீயணைப்பு மீட்புச் சேவையின் திட்டப் பணிப்பாளர் திருமதி உஷாந்தி அவர்களே! சீருடையில் சிறந்து நிற்கும் வீரர்களே! கோயில் தர்மகர்த்தாக்களே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, தேவாலயத்து அருட்தந்தையே! அடுப்பை அணைத்துவிட்டோமா என்ற நினைப்போடே அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மாரே! ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்தும், வெள்ளவத்தையிலிருந்து நூறாம் இலக்கப் பஸ்ஸில் தொங்கியும் வந்த தோழர்களே! வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

என் பெயர் கனகசபாபதி. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் அச்சுப்பிழை திருத்தியவன். பிறர் செய்தியைப் படிப்பார்கள். நான் எழுத்தைப் படிப்பேன். பிறர் நம்புவார்கள், நான் சரிபார்ப்பேன். சந்தேகம் எனக்குச் சம்பளம் தந்த தொழில், ஐயா! ஓய்வு பெற்ற பின்னும் அது என்னை விட்டு ஓய்வு பெறவில்லை.

இந்த நிலையில் என் கைக்கு வந்தது "பிராந்தியத் தீயணைப்பு மீட்புச் சேவையின் எதிர்காலத் திட்டம்: மக்கள் கருத்துக்கு" என்ற இந்தப் புத்தகம். அட்டை அழகு. தாள் வழவழப்பு. முதற் பக்கத்தில் ஒரு வீரர் ஒரு குழந்தையைத் தூக்கி நிற்கிறார், குழந்தை சிரிக்கிறது. நெருப்பிலிருந்து வந்த எந்தக் குழந்தை ஐயா சிரிக்கும்? அங்கேயே எனக்கு ஐயம் பிறந்துவிட்டது.

பதினான்காம் பக்கத்துக்கு வந்தேன். நான் குடியிருக்கும் குறுகிய சந்தான உப்புக்கிடங்கு ஒழுங்கையின் முனையில் இருக்கிறதே எங்கள் சின்னத் தீயணைப்பு நிலையம், அதைப் பற்றி ஒரு வரி. "இந்நிலையம் புதிய தலைமை நிலையத்துடன் ஒருங்கிணைக்கப்படும்." ஆகா! ஒருங்கிணைப்பு! ஒற்றுமை மணக்கும் சொல், உறவு மணக்கும் சொல். என் ஒழுங்கையில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் மட்டும் மருதானைக்குப் போய்ச் சிங்களப் பிரதியை வாங்கி வந்தேன். அதே பக்கம், அதே வரி, அதே முற்றுப்புள்ளி. ஆனால் அங்கே இருந்த சொல் "வசா தமனு லபே". மூடப்படும்!

சத்தம் போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள். அம்மையார் மணியடிக்கிறார். பின்வரிசையில், என்ன தம்பி? "மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கலாம்" என்கிறீர்களா? இருக்கலாம். முப்பத்தொரு ஆண்டுகளில் இலட்சம் பிழை கண்டவன் நான். பிழை எப்படி இருக்கும் தெரியுமா? கால் விழும், கொம்பு மாறும், "பணம்" என்பது "பிணம்" ஆகும். "மூடு" என்பது "ஒருங்கிணை" ஆன பிழையை நான் இன்றுவரை கண்டதில்லை!

அந்த நிலையத்தை மூடினால் என்ன போய்விடும் என்று கேட்கிறவர்கள், சென்ற ஆண்டு ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளுங்கள்.

என் வீட்டுக்கு எதிர்வீட்டின் மேல்மாடியில் ஷபீகா என்றொரு தாய். பாடசாலைச் சீருடை தைத்துப் பிழைப்பவர். அவருடைய கணவர் சப்ரி, துறைமுகத்தில் முதுகெலும்பு முறிந்து ஆறு ஆண்டுகளாய்ப் படுக்கையில் கிடப்பவர். அவர்கள் வீட்டின் கீழே மெத்தைப் பஞ்சு அடுக்கிய கிடங்கு. பிற்பகல் ஒன்று நாற்பத்தைந்து. பள்ளிக்கூடங்கள் விட்ட நேரம். ஷபீகா மகளைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்புகிறார். கிடங்கின் வாயிலில் கரும்புகை! ஏணிப்படி முழுவதும் புகை! மேலே கணவர்!

நான் என்ன செய்தேன்? மறைக்காமல் சொல்கிறேன். ஜன்னலில் நின்று அவசர இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எதிர்முனையில் சிங்களத்தில் கேட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கொழும்பில் வாழ்ந்தவன். அந்தக் கணத்தில் "ஒழுங்கை" என்பதற்குரிய சிங்களச் சொல் என் நாவுக்கு வரவில்லை. "கொட்டாஞ்சேனை, கொட்டாஞ்சேனை" என்றே கத்திக்கொண்டிருந்தேன். சொல்லையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சொல் கைவிட்ட வேளை அது.

ஷபீகா தொலைபேசியைத் தேடவில்லை. மகளை என் வாசலில் விட்டுவிட்டு ஒழுங்கை முனைக்கு ஓடினார். இருநூறு அடி தூரம். நிலையத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் மூத்தவர் ரணவீர. இந்த ஜனவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அவர் பெயரை அச்சமின்றிச் சொல்கிறேன். ஷபீகா வாய் திறக்குமுன் அவர் கேட்டாராம்:

"அக்கா, சப்ரி மல்லி மேலேதானே? கட்டில் இப்பவும் ஜன்னல் பக்கமா?"

பெயர் சொல்லி, "மல்லி", தம்பி என்று உறவும் சொல்லிக் கேட்டார், அன்பர்களே! கட்டில் கிடந்த இடம் சொல்லிக் கேட்டார்!

எப்படித் தெரிந்தது? அந்த நிலையத்தில் ஒரு கொப்பி உண்டு. மாதம் ஒருமுறை ரணவீர ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, எந்த வீட்டில் ஓட முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் காது கேளாதவர் இருக்கிறார், யாருடைய கட்டில் எந்த மூலையில் என்று எழுதி வைத்திருந்தார். மேலிடம் கேட்காத கொப்பி. விருது வாங்காத கொப்பி. இந்த வழவழப்பான புத்தகத்தின் அறுபத்திரண்டு பக்கத்திலும் இடம்பெறாத கொப்பி!

எங்கள் ஒழுங்கை ஏழடி அகலம். பெரிய தீயணைப்பு வண்டி எட்டடிக்கு மேல். ரணவீரவும் துணைவரும் கையால் இழுக்கும் பம்பைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். துணைவர் கிடங்கு வாயிலில் தண்ணீரைத் திருப்பினார். ரணவீர பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் கூரைவழியே ஏறி, ஜன்னல் கம்பியை நெம்பி உள்ளே குதித்தார். அங்கே கிடந்த ஷபீகாவின் துணி வெட்டும் பலகையைச் சப்ரியின் முதுகுக்குக் கீழே கொடுத்துக் கட்டி, கூரைமேல் இழுத்தார். கீழே நாங்கள் பன்னிரண்டு பேர் கைகளை உயர்த்தி நின்றோம். இந்துவின் கை எது, இஸ்லாமியர் கை எது, கிறிஸ்தவர் கை எது? புகையில் எல்லாக் கையும் கறுப்பு!

பதினோராம் நிமிடத்தில் சப்ரி தரையில் இருந்தார். மூச்சு இருந்தது. ஷபீகா அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கேக்குதா? நான் ஈக்கிறேன், நான் ஈக்கிறேன்" என்று, தான் பக்கத்தில் இருப்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தையல் இயந்திரங்கள் எரிந்தன. சீருடைகள் எரிந்தன. மனிதர் பிழைத்தார்.

பெரிய வண்டி வந்தது முப்பத்தோராம் நிமிடத்தில். பிரதான வீதியில் நின்றது. அந்த வீரர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடித்தான் வந்தார்கள். ஓடக்கூடிய தூரத்தில் அவர்களை நிறுத்தாதது யார் குற்றம்? அதைத்தான் கேட்கிறேன்.

இனிப் புத்தகத்தின் இருபதாம் பக்கம். "புதிய தலைமை நிலையத்திலிருந்து இப்பகுதிக்குச் சென்றடையும் நேரம்: எட்டு நிமிடம்." எட்டு! நான் நம்பவில்லை. நம்பாதவன் வாயால் மறுக்கக் கூடாது, காலால் அளக்க வேண்டும். ஜிந்துப்பிட்டியில் மரக்கறி லொறி வைத்திருக்கும் தங்கையாவிடம் போனேன். அவருடைய லொறியும் தீயணைப்பு வண்டியும் ஒரே அகலம். ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்று நாற்பத்தைந்துக்கு, புதிய நிலையம் கட்டப்போகும் வெற்றுக் காணியின் வாயிலிலிருந்து புறப்பட்டோம். முன் ஆசனத்தில் ஷபீகா, கையில் தொலைபேசி, அதில் நேரம் ஓடுகிறது.

எட்டாம் நிமிடம் எங்கே இருந்தோம் தெரியுமா? இரண்டாவது சமிக்ஞை விளக்கடியில்! "தங்கையா அண்ணன், எட்டு முடிஞ்சிட்டுது" என்றேன். அவர் சொன்னார்: "ஐயா, எட்டு நிமிசத்தில போறதெண்டா நான் லொறியை விட்டுட்டு இறங்கி ஓடோணும்." பிரதான வீதியில் இறங்கி ஒழுங்கைக்குள் ஓடி, வீட்டு வாசலை மிதித்தபோது இருபத்தேழு.

கைதட்டாதீர்கள்! கைதட்டும் கணக்கல்ல இது. சைரன் இருந்தால் குறையும் என்பீர்கள். குறையும். பிள்ளைகளை ஏற்றும் பள்ளிக்கூட வான்கள் அடைத்து நிற்கும் வீதியில் சைரன் எங்கே பறக்கும்? தவிர, நான் என்னையே சந்தேகித்தவன். என்னை மகிழ்விக்கத் தங்கையா மெதுவாக ஓட்டினாரோ என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் என் மருமகனை ஓட்டச் சொன்னேன். அவர் பொறியியலாளர், "மாமா, திட்டம் நல்ல திட்டம், நீங்கள்தான் தேவையில்லாமல் கிண்டுறியள்" என்று என்னோடு வாதாடியவர். அவர் ஓட்டி இருபத்துநான்கு நிமிடம். இறங்கினார், கதவைச் சாத்தினார், எங்கள் ஒழுங்கையின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

அப்படியானால் எட்டு எங்கிருந்து வந்தது? நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் சிறிய எழுத்தில் இருக்கிறது: "அதிகாலை ஐந்து மணிக்கு, பிரதான வீதி வரை கணிக்கப்பட்டது." அதிகாலை ஐந்து மணிக்கு மட்டும் பற்றிக்கொள்ளும் நெருப்புக்கு இந்தத் திட்டம் மிகப் பொருத்தம், அம்மா! பிரதான வீதியில் வந்து எரியும் வீட்டுக்கு மிக மிகப் பொருத்தம்!

நிலையம் நிற்கும் காணி என்னவாகும்? அந்தத் தலைப்பு இருக்கிறது. அதன் கீழே பக்கம் வெறுமை. கொம்பனித்தெருவில் பழைய வீடுகள் நின்ற இடத்தில் இன்று எத்தனை மாடிக் கட்டடம் நிற்கிறது என்று நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியாததை நான் சொல்லமாட்டேன். வெறுமையான பக்கத்தை வெறுமையான பக்கம் என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் கருத்துப் படிவம். புரட்டிப் பாருங்கள். "முழுமையாக உடன்படுகிறேன்", "உடன்படுகிறேன்", "சில மாற்றங்களுடன் உடன்படுகிறேன்". மூன்று கட்டம். உடன்படாதவன் எங்கே புள்ளடி போடுவது? அவனுக்குக் கட்டமே இல்லை! கேட்க வந்தீர்களா, அம்மா, அல்லது கேட்டதாகச் சொல்ல வந்தீர்களா?

பணிப்பாளர் அவர்கள் எழுந்து வருகிறார்கள். வழிவிடுங்கள். பதிலை எழுத்தில் தருகிறேன் என்கிறார்கள். எழுதுங்கள் அம்மா, காத்திருக்கிறோம்.

இதோ, தாள் என் கையில். உரக்க வாசிக்கிறேன். "உப்புக்கிடங்கு ஒழுங்கை நிலையம் தற்போதைக்கு மூடப்படமாட்டாது."

பொறுங்கள், பொறுங்கள்! இன்னும் மகிழாதீர்கள். அம்மா, இதில் ஒரு சொல் அதிகம். "தற்போதைக்கு". அதை வெட்டித் தருவீர்களா?

ஒலிவாங்கியில் சொல்லுங்கள் அம்மா, எல்லோரும் கேட்கட்டும்.

"ஐயா, அந்தச் சொல்லை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அது எங்கள் நிர்வாக சபை தீர்மானிக்கிற விசயம். நான் எடுத்துத் தந்தால் அது பொய்யாகிப் போகும்."

அமைதி, சபையோரே, அமைதி. அவரை ஏசாதீர்கள். இந்த மண்டபத்தில் இன்று மேடையிலிருந்து வந்த முதல் உண்மை அது. பொய்யாக ஒரு சொல்லை வெட்டித் தந்திருந்தால் நாம் மாலை போட்டிருப்போம். நன்றி அம்மா. அப்படியானால் உங்களுக்கு அதிகாரம் உள்ளதை மட்டும் கேட்கிறேன். இந்தத் தமிழ்ப் பிரதி உங்கள் அலுவலகத்தினுடையது. இந்தப் படிவமும் உங்களுடையது. இவற்றைத் திருத்த உங்களால் முடியுமா?

முடியும் என்று தலையசைக்கிறார்கள். மீண்டும் எழுதுகிறார்கள். ஷபீகா எழுந்து அருகே போய் நிற்கிறார். "மிஸ், அந்தக் கொப்பியையும் எழுதுங்க. அது இல்லாட்டி என்ட மனுசன் இண்டைக்கு இல்ல" என்கிறார். எழுதுகிறார்கள்.

வாசிக்கிறேன். "தமிழ்ப் பிரதியின் பதினான்காம் பக்கத்தில் 'மூடப்படும்' என்றே இருக்க வேண்டும். திருத்திய பிரதியும், உடன்படாதோருக்கான கட்டம் சேர்த்த படிவமும் வீடுவீடாக வழங்கப்பட்டு முப்பது நாள் கழியும்வரை கருத்துக் கேட்பு முடிந்ததாகக் கொள்ளப்படாது. நேரக் கணிப்பு பிற்பகலில், வீட்டு வாசல் வரை மீண்டும் செய்யப்படும். நிலையத்தின் கொப்பி திட்டத்துடன் இணைக்கப்பட்டுச் சபைக்கு அனுப்பப்படும்." கையொப்பம். திகதி.

இருமுறை வாசித்துவிட்டேன். பிழை இல்லை.

உறவுகளே! நாம் வென்றுவிட்டோமா? இல்லை. நிலையம் காப்பாற்றப்பட்டதா? இல்லை. சபை கூடும், சொல்லைச் சுழற்றும், "தற்போதைக்கு" இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் பெற்றது முப்பது நாள். அந்த முப்பது நாளில் வீட்டுக்கு வரும் தாளை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள்! அடிக்குறிப்பை விடாதீர்கள்! முதற் பக்கத்தில் சிரிக்கும் குழந்தையைப் பார்த்து மயங்காதீர்கள்! தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று இருந்தால் கதவைத் தட்டிப் பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பரிடம் கேளுங்கள். அவரும் அதே புகையைத்தான் சுவாசிப்பார்! வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்! உடன்படாதோர் கட்டத்தில் ஒழுங்கை முழுவதும் புள்ளடி விழட்டும்!

சந்தேகப்படுவது பண்பற்ற செயல் என்று சிலர் சொல்வார்கள். தன் வீட்டுக்காரர் கிடக்கும் மாடியைப் பற்றிச் சந்தேகப்படுவது, அன்பர்களே, அன்பு!

மணியை மூன்றாம் முறை தொட்டும் அடிக்காமல் பொறுத்த தலைவர் அம்மையாருக்கும், முடியாததை முடியாது என்று சொன்ன பணிப்பாளருக்கும், வெக்கையில் நெருக்கி அமர்ந்து ஒரு வரியையும் தவறவிடாமல் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. நம்பிக்கையை இன்று தரவில்லை. அதை முப்பத்தோராம் நாள் கொண்டுவருகிறேன். வணக்கம்.