சுவர் முடியும் இடம்

மேயர்: செருப்பைக் கழட்டணுமா, போட்டுக்கிட்டே வரட்டுமாக்கா?

அக்கா: போட்டுக்கிட்டே வாடி. தரையெல்லாம் தண்ணி. மேயரம்மா காலு நனைஞ்சா நாளைக்கு என் தெருவுக்குக் குழாய்ல தண்ணி வராது.

மேயர்: கிண்டல் பண்ணாத. எங்கேருந்து வருது இது? வெளியில தெரு காஞ்சுதானே கிடக்கு?

அக்கா: குளியலறையிலேருந்து. தண்ணி போற ஓட்டை வழியா திரும்பி வருது. கடல் ஏறும்போதெல்லாம் இப்படித்தான். சாக்கைச் சுருட்டி அடைச்சு, மேல செங்கல்லை வெச்சேன். செங்கல்லையே தள்ளிடுச்சு பாரு.

மேயர்: முன்னாடி இப்படி இல்லையே...

அக்கா: முன்னாடின்னா, நீ ஓட்டுக் கேட்டு வந்தப்போ. அப்புறம் இன்னிக்குத்தானே எட்டிப் பார்க்கறே... ஏய், அந்த நாற்காலில உக்காராத, கால் இத்துப்போச்சு. பெட்டி மேல உக்காரு.

மேயர்: என்னக்கா இத்தனை பெட்டி?

அக்கா: நீதானே போன் மேல போன் போட்டு என்கூட வந்து இருன்னு கூப்பிட்டே. விருந்தாளி ரெண்டு நாள் தங்கினாலே மூஞ்சியைத் தூக்கறவ இப்படிக் கூப்பிடறாளேன்னு எனக்கே ஆச்சரியம். சரி, வர்றேன்.

மேயர்: நிஜமாவா? ... அப்பாடா.

அக்கா: அதென்ன அப்பாடா?

மேயர்: ஒண்ணுமில்ல. வீட்டைப் பூட்டிடப் போறியா?

அக்கா: வித்துட்டேன்.

மேயர்: வித்துட்டியா?

அக்கா: ஆமாடி. ஏன் முகம் மாறுது?

மேயர்: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

அக்கா: கேட்டா சொல்லிட்டுத்தான் மறுவேலை பார்ப்பே. ஆபீஸ் விஷயம் ஆபீஸோடங்கிற ஆளாச்சே நீ. நம்ம தெருவுக்குக் கடல் சுவர் எப்போ வரும்னு எத்தனை தடவை கேட்டேன். பார்க்கலாம்க்கா, பேசிட்டிருக்கோம்க்கா...

மேயர்: பணம் கைக்கு வந்துச்சா?

அக்கா: வந்த கையோட போயிடுச்சு. மாப்பிள்ளைக்கு ஆபரேஷன்ல... அதுக்குத்தான் இந்த அவசரம். மனுஷன் பிழைச்சு எழுந்து உக்காந்தாரு, அது போதும்.

மேயர்: சரி... சரி, போகட்டும். நீ வந்தா சரி.

அக்கா: வாங்கினது யாருன்னு கேளேன்.

மேயர்: வேணாம்க்கா. யாரோ ஒருத்தர். எனக்குத் தெரிய வேணாம்.

அக்கா: சின்ன வயசுப் பையன்டி. பொண்டாட்டி, கைக்குழந்தை. எதை வேணா எடுத்துட்டுப் போங்க, அந்தத் தொட்டில் கொக்கியை மட்டும் கழட்டிடாதீங்கன்னான்...

மேயர்: குழந்தைக் கதையெல்லாம் சொல்லாதக்கா.

அக்கா: ஏன் எரிஞ்சு விழறே? உன் மகனும் அந்தக் கொக்கியில ஆடினவன்தான். நீ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மரம் வைங்க, பஸ்ல போங்க, புகையைக் குறைங்கன்னு தெருத்தெருவா அலைஞ்சே. இங்க நான்தான் கை ஓய ஆட்டிக்கிட்டுக் கிடந்தேன்.

மேயர்: அத்தனையும் செஞ்சோமேக்கா. பஸ்ஸையெல்லாம் கரண்டுக்கு மாத்தினோம். குப்பை எரிக்கறதை நிறுத்தினோம். ஆத்து முகத்துல மரம் வெச்சோம். கடலுக்கு அது தெரியுதா? நம்ம ஊர் ஒண்ணு நல்லபிள்ளையா இருந்தா அது நின்னுடுமா...

அக்கா: விடு, விடு. மகன் என்ன சொல்றான், ஊருக்கு வர்றானாமா?

மேயர்: அவனா? கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். பேத்தியை இன்னும் போன்லதான் கொஞ்சறேன்.

அக்கா: வந்தாலும் வருவான், யார் கண்டா. ஞாயித்துக்கிழமை வீட்லதானே இருப்பே?

மேயர்: எதுக்கு?

அக்கா: சும்மாதான்... அடியே, அழறியா? இங்க பாரு. என்னைப் பாருடி.

மேயர்: சுவர் வராதுக்கா.

அக்கா: எந்தச் சுவர்?

மேயர்: கடல் சுவர். இந்தத் தெருவுக்கு வராது. பெரிய ஆஸ்பத்திரியோட முடிஞ்சிடுது.

அக்கா: ஆஸ்பத்திரி இங்கேருந்து கூப்பிடு தூரம்தானேடி. இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினா...

மேயர்: கட்ட முடியாது. இருக்கறதை வெச்சு அவ்வளவுதான் முடியும். மேலிடத்துல எழுதிக் கேட்டோம், நேர்ல போய்க் கையேந்திக் கேட்டோம். உங்க ஊர்க் கடலை நீங்களே பார்த்துக்குங்கன்னுட்டாங்க. அப்புறம் என்ன செய்ய? ஆஸ்பத்திரியா, குடிதண்ணி நிலையமா, உன் தெருவான்னு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து கை தூக்கினோம்.

அக்கா: நீயும் தூக்கினியா?

மேயர்: முதல் கை என்னுது. இந்தத் தெருவைக் கடலுக்கு விட்டுடறதுன்னு. இனிமே சாக்கடை, விளக்கு, எதையும் சரி பண்ண மாட்டாங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க.

அக்கா: வீடு போறவங்களுக்கு?

மேயர்: கொஞ்ச நாள் தங்கறதுக்கு ஒரு கூடம். அதுக்கு மேல எங்க கையில ஒண்ணும் இல்ல.

அக்கா: ஒரு வார்த்தை... எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மேயர்: உத்தரவு வர்ற வரைக்கும் வீட்லகூட மூச்சு விடறதில்லைன்னு எல்லாருமா முடிவு பண்ணோம். வெளியில கசிஞ்சா, விஷயம் தெரிஞ்சவன் வீட்டைத் தெரியாதவன் தலையில கட்டிட்டுப் போயிடுவான். ஒரு ஏமாளியும் மாட்டக் கூடாதுன்னுதான். புருஷன்கிட்ட சொல்லலை, மகன்கிட்ட சொல்லலை. உன்கிட்ட மட்டும் மனசு கேக்காம, வா வான்னு நச்சரிச்சேன்.

அக்கா: அதை நம்பித்தானே நான் வித்தேன்.

மேயர்: தெரியாமத்தானே வித்தே. உன்மேல பழி இல்லக்கா. என்மேலதான். அந்தப் பையன் ஒரு நாள் என் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பான், நாக்கைப் பிடுங்கற மாதிரி கேப்பான். கேக்கட்டும். முகம் தெரியாதவங்ககிட்ட திட்டு வாங்கறது எனக்குப் பழகிப்போச்சு.

அக்கா: ஐயோ, அந்தப் பிள்ளை...

மேயர்: என்னக்கா, சொல்லு.

அக்கா: இருந்த வீட்டை வித்துட்டுத்தான்டி இதை வாங்கினான். இருந்த வேலையையும் விட்டுட்டான்.

மேயர்: யாருக்கா அவன்?

அக்கா: ஞாயித்துக்கிழமை தானே வந்து உன்கிட்ட சொல்லணும்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான். அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க பெரியம்மா, இந்த ஊரோடயே வந்துடறோம், என்னை ஆட்டின கொக்கியிலயே என் பொண்ணுக்கும் தொட்டில் கட்டறேன்னான்.