வீட்டுக்குப் போகாத லட்டு

1991. வாலாஜாபாத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் கம்பெனி யூனிபாரத்தில் இரண்டு ஆண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் ஒரு ஸ்வீட் பெட்டி.

"அன்னிக்கு வாடகை வூட்டுக்காரருக்கு லட்டு குடுத்தேன் பாரு, அதான் நான் பண்ண தப்பு," என்றார் அவர்.

"லட்டு குடுக்கறது தப்பா? இன்னாபா சொல்ற?"

"வேலை பர்மனென்ட் ஆன சந்தோஷத்துல குடுத்தேன். நல்லா இருன்னு வாய் நெறைய சொன்னாரு. அடுத்த மாசமே வாடகைய ஏத்திட்டாரு. ஏறின சம்பளம் மொத்தமும் அதுக்கே பூடுச்சு."

"வேற வூடு பாக்கறதுதான?"

"எங்க போனாலும் மொதல்ல எந்தக் கம்பெனின்னு கேக்கறாங்க. அப்புறந்தான் வாடகையே சொல்றாங்க."



"கொழந்தையையும் அதோட அம்மாவையும் எப்ப கூட்டினு வரப் போற?"

"மாமியார் வூட்லயே இருக்கட்டும். கொழந்த பொறந்ததையே வூட்டுக்காரருக்குச் சொல்லல. தண்ணி ஜாஸ்தி செலவாவும்னு இன்னும் ஏத்துவாரு."

"அப்ப இந்த லட்டு?"

"வூட்டாண்ட எல்லாருக்கும் குடுங்கன்னு மாமியார் குடுத்தாங்க."

"கம்பெனில குடுத்துடு."

"வூட்டுக்காரரு மச்சான் நம்ம லைன்லதான வேலை செஞ்சினு கீறான்."

ஊர் நெருங்கியதும் அவர் எழுந்து பெட்டியைப் பிரித்தார். கண்டக்டரில் தொடங்கி ஒவ்வொரு சீட்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் கையிலும் ஒன்றை வைத்தார். பக்கத்திலிருந்த அம்மாள் என்ன விசேஷம் என்று கேட்டார்.

முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்:

"பொண்ணு பொறந்துகீதும்மா."