கையப் புடிச்சவன் பேரு

சட்டமா? சட்டம் வந்து இன்னா கிழிச்சிடப் போவுது, சொல்லு பாப்பா. கோச்சிக்காத. வெயில்ல நிக்கிறியே, இப்பிடி நெழலுக்கு வந்து குந்து. இந்தா, வெள்ளரிப் பிஞ்சு கடி. காசெல்லாம் ஒண்ணும் வாணாம், எம் பொண்ணு மாதிரி கீற. காலேஜ் படிக்கிற பொண்ணு பஸ் ஸ்டாப்புல பேப்பரத் தூக்கினு நின்னு, ரோட்ல பொண்ணுங்கள சீண்டறவன ஜெயில்ல போடணும், சட்டம் கொண்டாரணும், கையெழுத்து போடுங்கன்னு கேக்கிற. அந்த டீக்கடை ஆம்பளைங்க சிரிக்கிறானுங்க பாத்தியா? வயசுப் பசங்க வெளையாட்டுக்கெல்லாமா ஜெயிலுன்றானுங்க. சிரிக்கட்டும். அவனுங்க கையயா எவனாவது புடிச்சான்?

என் கையப் புடிச்சான். ஆமா, என் கையதான். இதோ தழும்பு, தொட்டுப் பாரு. கண்ணாடி வளையல் ஒடைஞ்சு குத்தினது. இருவது வருசத்துக்கு மேல ஆவுது. அப்ப நான் எட்டாவது. எங்க தெருவுல எட்டாவது வரைக்கும் போன மொத பொண்ணு நாந்தான், தெரியுமா? பாகூர் ஏரிக்கரை மேலயே நடந்து போவேன். மதகு மேல நாலு பசங்க குந்தினு விசிலடிப்பானுங்க, பாட்டுப் பாடுவானுங்க. நான் குனிஞ்ச தல நிமிராம போயிடுவேன். ஒரு நாளு அதுல ஒருத்தன் எறங்கி வந்து, கையப் புடிச்சு இழுத்துட்டான். பொஸ்தகமெல்லாம் ஏரித் தண்ணில போச்சு. மத்த மூணு பேரும் கை தட்டினானுங்க.

பேரா? அந்தப் பேரு இப்ப எதுக்கு. வுடு.

நான் பண்ணின தப்பு இன்னா தெரியுமா? அழுதுகினே வூட்டுக்குப் போயி சொன்னதுதான். எங்கப்பா கண்ணையன் ரோசக்காரரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு ஸ்டேஷனுக்கு ஓடினாரு. அங்க ஒரு ஏட்டு, அடிச்சானா, நகையப் புடுங்கினானா, இல்லல்ல, அப்பறம் இன்னாய்யா கேஸு, ஊர்லயே பேசி முடிச்சுக்கோன்னுட்டாரு. சரின்னு பஞ்சாயத்தக் கூட்டினாரு. கோயில் வாசல்ல பாதி ஊரு ஒக்காந்திருக்குது. எல்லாரும் பேசினாங்க. வயசுக்கு வந்த பொண்ணு ஏன் அந்த வழியா போனா, அவளுக்கு எதுக்குப் படிப்பு, சிரிச்சிருப்பா, இல்லாமயா அவன் எறங்கி வந்தான்னு. என்னைய ஒரு வார்த்த கேக்கல பாப்பா. தூணு ஓரமா நின்னுகினு இருந்தேன், கையில துணி சுத்திக்கினு. கடைசில தீர்ப்பு சொன்னாங்க. நம்ம மானத்தக் காப்பாத்திட்டாங்கடின்னு எங்கப்பா வூட்ல வந்து அழுதாரு. துக்கத்துல இல்ல, சந்தோசத்துல.

அவனுக்கு இன்னா தண்டனையா? நல்லா கேட்ட போ. அவனுக்கு ஏது தண்டனை? மறுநாள்லேருந்து பள்ளிக்கூடம் கெடையாதுன்னு ஆனது எனக்குத்தான்.

அப்பறம் ஏன் உன்னக் கூப்புட்டு குந்த வச்சேன்றியா? சொல்றேன். எம் பொண்ணு அமுதம் ஒம்பதாவது படிக்கிறா. பஸ்ஸுல போயி வரா. ஒருத்தன் தெனம் பின்னாலயே ஏறி வந்து இடிக்கிறானாம். நேத்து அடுப்பங்கரையில வந்து ஓன்னு அழுவறா. அப்பா கிட்ட சொல்லட்டுமாம்மான்னா. அவ வாயப் பொத்தினேன். பெத்தவ நானே பொத்தினேன். அவளுக்கு அவங்கப்பா மேல உசுரு, அவருக்கும் அவ மேல உசுரு. ஆனா சொன்னா அவரு நேரா பஞ்சாயத்துக்குத்தான் போவாரு. எனக்குச் சொன்னாங்களே, அந்த மாதிரி தீர்ப்புதான் ஞாயம்னு இன்னிக்கும் பேசற மனுசன் அவரு.

உன் சட்டத்து மேல எனக்கு நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் இல்ல. அதே ஏட்டு மாதிரி இன்னொரு ஏட்டுதான் அங்க குந்தினு இருப்பான். ஆனா, இதுக்குக் கேஸு இல்லன்னு அவன் வாயால சொல்லக் கூடாது. கோயில் வாசல வுட்டா போறதுக்கு எம் பொண்ணுக்கு ஒரு எடம் வேணும். குடு அந்தப் பேப்பர.

கைநாட்டா? அடிப் போடி இவளே, எட்டாவது படிச்சவ கிட்ட மையி டப்பாவ நீட்டுறியே! கட்டம் கட்டமா இருக்கிறத நீ எழுது, கையெழுத்து நான் போடறேன். பேரு விருத்தாம்பாள். ஊரு பாகூர் கொம்யூன்னு போட்டுக்கோ. வயசு முப்பத்தஞ்சுன்னு வையி.

அடுத்து இன்னா? கணவர் பேரா? அத நான் வாயால சொல்ல மாட்டேன் பாப்பா. சொல்லக் கூடாது, எங்க பக்கம் பழக்கம் அப்பிடி. தாலி ஏறின நாள்லேருந்து ஒரு தபா சொன்னதில்ல. இரு, கூடைக்கு அடியில ரேஷன் கார்டு வச்சிருக்கேன். இந்தா, அதப் பாத்து எழுதிக்கோ.

எழுதிட்டியா? நீ முன்ன கேட்டியே, மதகுலேருந்து எறங்கி வந்தவன் பேரு, அதுவும் அதான். பொண்ணு பேரு கெட்டுப் போச்சு, இனிமே எவன் கட்டுவான், கையப் புடிச்சவனே கட்டிக்கட்டும்னாங்க. அதான் தீர்ப்பு.

இன்னா அப்பிடிப் பாக்கிற? பேனாவக் குடு. கையெழுத்து எங்க போடணும்?