பேர் மாத்துற வரி

இல்ல மிஸ், இந்தச் சுனாமி வீட்டுப் பதிவுப் புரோகிராம் பழுதில்ல. இந்தக் கந்தோர்ல பழுதில்லாம இரிக்கிற ஒரே சாமான் அதுதான். நீங்க ஸ்கிரிப்ட்ல என்ன எழுதினீங்க? நானூத்திப் பதினேழாம் வீடு, உரிமையாளர்ட பேரை மனுக்காரர் சரீப் எண்டு மாத்து. அது என்ன சொல்லிச்சி? அப்பிடி ஒரு வேலை எனக்குத் தெரியாது எண்டு சொல்லிச்சி. உண்மையத்தானே சொல்லியிரிக்கி. அரசாங்கக் கந்தோர்ல உண்மையச் சொன்னா பழுதெண்டுதான் நினைப்பாங்க.

மொதல்ல அந்தப் பிளேன்டீயக் குடிங்க. யுத்தம் முடிஞ்சி மூணு மாசத்துல கொழும்புலருந்து ஒரு ஆளையே அனுப்பியிரிக்காங்க எண்டா பெரிய விசயம். சுனாமி அடிச்ச நாள்லருந்து நாலரை வருசமா டெலிபோன்லயே எங்களை மீட்டெடுத்தாங்க.

ஒங்களுக்குத் தெரியாததில்ல, இரிந்தாலும் சொல்றன். உள்ளுக்கு இரிக்கிறது சீ பிளஸ் பிளஸ். வீடு எண்டொரு கிளாஸ், எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சு, கொம்பைல் பண்ணி இறுக்கிப் பூட்டியாச்சி. வெளிய லூவா எண்டொரு சின்ன மொழி, டேட்டா பதியிற புள்ளையள் ஸ்கிரிப்ட் எழுதுறத்துக்கு. உள்ள இரிக்கிறதுல எதை எதை வெளிய காட்டுறன் எண்டு நான் ஒரு பட்டியல் எழுதி வெக்கோணும். பட்டியல்ல இரிந்தா லூவா கூப்பிடலாம். இல்லாட்டி அப்பிடியொண்டு உலகத்துலயே இல்ல. வாற வழியில ஒங்கட வானை மறிச்சாங்களா? அதே சென்றிப் பொயின்ட்தான் மிஸ். பேர் இரிந்தா போ, இல்லாட்டி இறங்கு. நாங்க இருபது வருசமாப் பழகின விசயத்துக்கு வெள்ளைக்காரன் பைன்டிங் எண்டு பேர் வெச்சிரிக்கான்.

ஓம், வாசிக்கலாம். உரிமையாளர் ஆரெண்டு கேளுங்க, நஸீறா எண்டு சொல்லும். மாத்தத்தான் விடாது. இல்லல்ல, மறதியில்ல. மொதல்ல மாத்துறதும் பட்டியல்ல இரிந்திச்சி. எல்லாத்தையும் திறந்து வெக்கிறதுதான் நாகரிகம் எண்டு நானும் நினைச்ச காலம்.

ரெண்டாயிரத்தி ஆறில ஒரு ஆலோசகர் வந்தார். ஏசி வாகனம், கழுத்துல அட்டை. விடிஞ்சாப் பொழுதுபட்டா அவருக்குத் தரவு சுத்தம்தான். எங்கட கிளாஸ்ல ரெண்டு பேருக்கு இடமிரிக்கி. குடும்பத் தலைவர் எண்ட இடத்துல புரிசன், உரிமையாளர் எண்ட இடத்துல பொஞ்சாதி. அவர் பாத்தார், ரெண்டும் பொருந்தல்ல, தரவுப் பிழை எண்டார். நாலே வரி ஸ்கிரிப்ட். தேத்தண்ணி ஆறுறத்துக்குள்ள இருநூத்திப் பன்னிரண்டு பொம்புளையள்ட வீடு ஆம்புளையளுக்குப் போயிட்டு. கடல் கூட அதைவிடக் கொஞ்சம் கூட நேரம் எடுத்திச்சி மிஸ்.

அதுல என்ன பிழையா? நீங்க கொழும்பு, அதான் கேக்கிறீங்க. இஞ்ச வீடு எண்டா பொம்புளைட வீடு. உம்மாவும் வாப்பாவும் மகளுக்குக் கட்டிக் குடுக்கிறது. மாப்புள ஒரு சூட்கேஸோட வந்து ஏறுறார். தின்னுறார், ஃபேனைப் போட்டுட்டுப் படுக்கிறார், பெருநாளைக்குக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார். பிரிஞ்சா சூட்கேஸோட இறங்குறதும் அவர்தான். காரைதீவுத் தமிழாக்கள்டயும் இதே வழமைதான், கேட்டுப் பாருங்க. கடல் அள்ளினது அந்தச் சீதன வீட்டைத்தானே? பதிலுக்குக் கட்டிக் குடுத்த வீடு ஆர்ட? படிவத்துல குடும்பத் தலைவர் எண்டொரு கட்டம் அச்சடிச்சிரிந்ததுல எங்கட மாப்புளமாருக்கெல்லாம் தலையில கிரீடம் வெச்ச மாதிரி.

லூவாவும் வீட்டுக்கு வந்த மாப்புளதான். பொருளைப் பாவிக்கலாம். ஆனா பொருள் ஆர்ட எண்டு நீங்க சரியாச் சொல்லி வெக்காட்டி, நம்மட பாவனை முடிஞ்சிட்டு எண்டு நினைச்சி அழிச்சிப் போட்டிரும். பொறகு உள்ள போய்த் தேடினா வீடும் இல்ல, வாசலும் இல்ல.

அந்த இருநூத்திப் பன்னிரண்டையும் ஒரு கிழமை இருந்து திருப்பினன். பொம்புளையள் கந்தோர் வாசல்ல நிண்டாங்க. ஹாஜறா ராத்தா எண்டு ஒராள், ரெண்டு மகனைக் கடலுக்குக் குடுத்தவ, கேட்டா: தம்பி, கடல் கொண்டு போனது அல்லாஹ்ட நாட்டம் எண்டு சபூர் செஞ்சி பொறுத்தன், இது ஆர்ட நாட்டம்? ஆலோசகர்ட பேர் வாயில வந்திச்சி. அண்டைக்கே அந்த வரியைப் பட்டியல்லருந்து வெட்டினன்.

மனுக்காரரா? தெரியும், நல்லாத் தெரியும். ரெண்டாயிரத்தி ஏழில நஸீறாவை விட்டுட்டு மருதமுனையில ரெண்டாங் கலியாணம். கைத்தறிக் குடும்பம், மூணு மச்சான்மார். நல்லா நெய்வானுகள், இப்ப மாப்புளையையும் தறியில ஏத்திட்டானுகள். படிவத்துல நீங்கதானே குடும்பத் தலைவர், அந்த வீட்டைப் பேருக்கு எடுத்து வித்துட்டு வாங்க, இஞ்ச மேல்மாடி கட்டுவம் எண்டு மூணு பேரும் நிண்டிரிக்கானுகள். இவரும் மனுவுல ஒப்பம் வெச்சிட்டார். முதுகெலும்பு எண்டொரு உறுப்பு இரிக்கி மிஸ், அதைப் பாவிச்ச பழக்கம் இல்ல. அந்த வீட்டுல நஸீறாவும் ரெண்டு பொம்புளப் புள்ளையும். மூத்தவள் றிஸ்லாவுக்குப் பதினாறு. நாளைக்கு அவளைக் கட்டிக் குடுக்க அந்த வீடு ஒண்டுதான் இரிக்கி.

ஏலுமா எண்டா ஏலும், ஒங்களுக்குப் பொய் சொல்லல்ல. பட்டியல்ல ஒரு வரி, கொம்பைல் பண்ணப் பத்து நிமிசம். சோர்ஸ் கோட் என்னட்டத்தான். ஆனா கிளாஸ் எண்டது எல்லா வீட்டுக்கும் ஒண்டு. நானூத்திப் பதினேழுக்கு மட்டும் எண்டு திறந்துட்டு நீங்க வானேறிப் போவீங்க. அடுத்த மாசம் இன்னொரு ஆலோசகர் வருவார், இன்னொரு நாலு வரி எழுதுவார். ஹாஜறா ராத்தாட வாசலுக்கு அண்டைக்கு ஆர் போறது, நீங்களா நானா?

எழுதுங்க மிஸ். இம்மென்பொருளில் உரிமையாளரின் பெயரை மாற்றும் வசதி இல்லை, சேர்ப்பது பரிந்துரைக்கப்படவில்லை. தமிழ்லயே எழுதுங்க, மச்சான்மார் வாசிக்கோணும். தலைப்புல ஒங்கட திணைக்களம், கீழ சீல். ஓம், சுத்தமான பொய் இல்லத்தானே, பரிந்துரைக்கப்படவில்லை எண்டது நீங்களும் நினைச்சதுதான். நல்லம். மென்பொருள் பொறுப்பாளர் ஒப்பம் இஞ்சயா? குடுங்க.

என்ன மிஸ், மனுவையும் இந்தக் கடுதாசியையும் மாறி மாறிப் பாக்கிறீங்க? ஓம், ஒரே ஒப்பம்தான். கந்தோர்ல எல்லாரும் மாஸ்டர் மாஸ்டர் எண்டதுல நீங்க என்ட பேரைக் கேக்க மறந்திட்டீங்க. மச்சான்மார் மனுவை என்ட மடியில வெச்சானுகள், நான் ஒப்பத்தை வெச்சன். மூணு பேர்ட முகத்தைப் பாத்து ஏலாதெண்டு சொல்ல எனக்கு ஏலாது. மெசின் சொன்னா கேப்பானுகள்.

சீலைக் கொஞ்சம் அமத்திக் குத்துங்க.