பிடிமானம்

டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், பெண் பார்க்கப் போனவர்களைப் போல. பக்கவாட்டில் என்ன அச்சடித்திருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும், எந்த வருடம் தயாரித்தது என்று யாரும் படிப்பதில்லை. பார்க்க முரடாக இருக்க வேண்டும், வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன். என் மாணவர்களும் படிப்பதில்லை. அதனால் இதெல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயம்.

இன்ஸ்பெக்டர் மேடம், முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்பது டயர்தான். ராம்கி செத்தது கடைசியில் வருகிறது. அவசரப்படாமல் கேட்டால் உங்களுக்கும் விளங்கும். விளங்காத இடத்தில் கேளுங்கள், எளிமையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் ஜீப்புகளை எடுத்துக்கொண்டு ரோடு இல்லாத இடங்களுக்குப் போவோம். அலங்காநல்லூர் தாண்டி மலையடிவாரம், வற்றிய கண்மாய்கள், ஆற்றுப் படுகை. இந்தக் குழுவைத் தொடங்கியவன் நான். ஒரு பல் டாக்டர், வீடு கட்டி விற்கிற ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோரிடமும் பெரிய வண்டி இருந்தது. அதை எப்படி ஓட்டுவது, எந்த டயர் போடுவது என்ற அறிவு யாரிடமும் இல்லை. அதற்குத்தான் நான் இருந்தேன். ‘கண்ணுச்சாமி சார் என்ன சொல்றாரோ அதுதான்’ என்பார்கள். அதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. சரியாகச் சொல்கிறவனைக் கேட்பது இயல்பு.

ராம்கி அந்தக் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். அவன் ஜீப்புக்குள் எப்போதும் வாடிய மல்லிகை நாற்றம் அடிக்கும். பெண்டாட்டி ரோகிணியையும் கைக்குழந்தையையும் எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு வருவான், காடு மேடு சுற்றுவதைக் காதுகுத்துக்குப் போவதுபோல நினைத்துக்கொண்டு. வண்டி நிற்கிற இடத்தில் தூக்குவாளியைத் திறந்து எல்லோருக்கும் புளியோதரை கொடுப்பான். எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது. எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பவனை ஜனங்களுக்குப் பிடிக்கும், அதற்கு மேல் ஒரு தகுதியும் கேட்கமாட்டார்கள்.

அவன்தான் என்னிடம் வந்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் அவனைத் தேடிப் போகவில்லை.

“அண்ணே, கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த டயர மாத்தணும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதத்தேன் வாங்குவேன்” என்றான்.

என் வீட்டில் உட்கார வைத்து ஒரு மாலை முழுவதும் சொல்லிக் கொடுத்தேன். ரோட்டு டயர் இருக்கிறது, அது நமக்கு வேண்டாம். சேற்று டயர் இருக்கிறது, கட்டை கட்டையாக ரப்பர், கட்டைகளுக்கு நடுவில் அகலமான இடைவெளி, சேறு அப்பினால் சுழலும்போதே உதறிவிடும். இவை இரண்டுக்கும் நடுவில் ‘ஆல் டெரைன்’ என்று ஒன்று இருக்கிறது. ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் ஓடும், இரண்டு வீட்டிலும் சோறு தின்கிறவனைப் போல. அதை வாங்காதே என்றேன். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். தலையைத் தலையை ஆட்டினான். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில்கூட வைத்துக்கொண்டான்.

வண்டியூர் பக்கம் ரிங் ரோட்டில் சேக் இஸ்மாயிலின் டயர் கடை. கூட வரச் சொன்னான், போனேன். நான் சொன்ன சேற்று டயரை இஸ்மாயில் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதுவரை சும்மா இருந்த ரோகிணி வாயைத் திறந்தாள்.

“இது சத்தம் போடுமா பாய்?”

“ரோட்டுல போறப்ப கொஞ்சம் இரையும்மா.”

“அப்ப வேணாங்க. பாப்பா வண்டில ஏறுனாத்தேன் தூங்குறா. சத்தம் இல்லாததா எடுங்க.”

ராம்கி என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “கோவிச்சுக்கிறாதீகண்ணே. ஆல் டெரைனே போட்டுக்கிறேன். வாரம் பூரா ரோட்டுலதான ஓடுது நம்ம வண்டி” என்றான். இஸ்மாயில் உடனே “அதுவும் நல்ல டயருதான் சார்” என்றார். அவர் வியாபாரி, எதை வாங்கினாலும் அது நல்ல டயர்தான்.

உன் வண்டி, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கோபமில்லை. ஒரு குழந்தை தூங்குவதற்காக டயர் தேர்ந்தெடுக்கிற மனிதன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

மழைக்காலம் தொடங்கியது. அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு கண்மாய்க்குள் இறங்கினோம். மேலே காய்ந்து வெடித்திருந்தது, அடியில் வண்டல் களி. என் ஜீப் முன்னால் போனது. சேற்று டயர் போட்ட என் ஜீப், அச்சு வரைக்கும் இறங்கி நின்றது. முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. ராம்கி தன் வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து, கயிறு கட்டி என்னை இழுத்துக் கரையேற்றினான். அவன் வண்டி ஓர் இடத்தில்கூட மாட்டவில்லை.

அவன் சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எப்போதும் சிரிக்கிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, “விடுங்கண்ணே, எடம் அப்பிடி. எந்த டயரா இருந்தாலும் மாட்டத்தேன் செய்யும்” என்றான். எனக்கு ஆறுதல் சொன்னான். பூ விற்கிறவன், டயரைப் பற்றி, எனக்கு.

அடுத்த வாரம் பல் டாக்டர் அவனிடம் போய் என்ன டயர் என்று கேட்டார். பிறகு வீடு கட்டுகிறவர் கேட்டார். இரண்டு பேரும் ஆல் டெரைன் மாட்டினார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு தவறான கருத்து பரவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஆசிரியர் செய்கிற வேலை அல்ல. அந்த டயரின் லட்சணம் என்ன என்று எல்லோருக்கும் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான்.

மேலூர் பக்கம் ஒரு கல்குவாரி இருக்கிறது. வேலை நின்று பல வருடமாகிறது. பள்ளம் முழுக்கத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது. பள்ளத்தின் கரையை ஒட்டி, கழிவுக்கல்லும் மண்ணும் கொட்டிய ஒரு சரிவான பாதை. சனிக்கிழமை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். ஆசிரியன் தயாரிப்பில்லாமல் வகுப்புக்குப் போகக்கூடாது. கரைக்கு அடியில் மழைத்தண்ணீர் மண்ணைக் குடைந்து எடுத்துவிட்டிருந்தது. மேலே நின்றால் அது தெரியாது, எதிர்க்கரைக்குப் போனால்தான் தெரியும். நான் எதிர்க்கரைக்கும் போனேன்.

மறுநாள் மற்றவர்கள் வழியில் டிபனுக்கு நின்றார்கள். நான் ராம்கியின் வண்டியை மட்டும் முன்னால் அழைத்துக்கொண்டு போனேன். பாதையைப் பார்த்ததும் அவன் தயங்கினான்.

“வழுக்குமாண்ணே?”

“உன் டயர் நல்ல டயர்தானே, ஏறு” என்றேன்.

கரடுமுரடான இடத்தில் வண்டி ஏறும்போது ஒருவர் முன்னால் நின்று கையால் வழி காட்டுவார். ஓட்டுகிறவருக்கு, என்ஜின் மூடிக்கு முன்னால் தரை தெரியாது. அதனால் அவர் தரையைப் பார்க்கக் கூடாது, கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். கை இடது என்றால் இடது. இந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். அதை மட்டும் ஒழுங்காகக் கற்றிருந்தான்.

அவன் கிளம்புவதற்கு முன், “ரோகிணி, நீ பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எறங்கும்மா. அந்தக் கல்லுல உக்காந்து வீடியோ எடு, நல்லா வரும்” என்றேன். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள் என்றால் அதற்கு நான்தான் காரணம். கெட்ட எண்ணம் உள்ளவன் அதைச் செய்திருப்பானா?

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: “வண்டி சும்மா வழுக்கும்னு மட்டுந்தான நெனச்சீங்க? அப்ப அவங்கள எதுக்கு சார் எறக்குனீங்க?”

நல்ல கேள்வி. உங்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் வகுப்பில் ஒருவன்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் சரியான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். இடது பக்கம் ஓரத்துக்குப் போனால் கரை தாங்காது என்று சனிக்கிழமையே தெரியும். நான் இடது காட்டினேன். அவன் இடது வந்தான். முன்சக்கரம் ஓரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, போதுமா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான். முகத்தில் பயம் இல்லை. என் கை இருக்கும்போது அவனுக்கு என்ன பயம்? நான் இன்னும் கொஞ்சம் இடது என்று காட்டினேன். வந்தான். கரை பெயர்ந்தது. வண்டி பக்கவாட்டில் புரண்டு தண்ணீருக்குள் போனது. கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. எனக்கு நீச்சல் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ரோகிணி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கையிலிருந்து போன் கீழே விழுந்திருக்கிறது. விழுந்தும் அது படம் எடுத்துக்கொண்டே இருந்ததாகவும், அதில் என் செருப்புக் கால்கள் தெரிவதாகவும், அவை தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பதாகவும் சொல்கிறீர்கள். உண்மைதான். நான் அவன் டயர்த் தடத்தை அழித்துக்கொண்டிருந்தேன். ஈர மண்ணில் அந்தத் தடம் அச்சில் வார்த்ததுபோல விழுந்திருந்தது, வரி வரியாக, ஓர் இடத்தில்கூடச் சறுக்காமல், விளிம்பு வரைக்கும். மற்றவர்கள் வருவதற்குள் அதை அழித்துவிட வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அதைவிட அவசரமான வேலை எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வண்டியை வெளியே தூக்கிப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர், டயர்கள் நன்றாக இருந்தன, பிடிமானம் கடைசி வரை இருந்தது, கரைதான் இடிந்தது என்று சொல்லியிருக்கிறார். அவர் எங்கே படித்தவரோ. நீங்களும் அதை இந்த வாக்குமூலத்தில் சேர்த்திருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போடுகிறேன், மேடம். திட்டமிட்டுக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அப்படியே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. டயரைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, டயர் வழுக்கியது என்று எழுதிக்கொடுங்கள்.